அரியலூர் கல்யாண மண்டபத்தில் மூன்று பந்தி பைத்தான்

பெரம்பலூரில் பைத்தான் மாநாடு நடந்தது என்றால் சென்னையில் யாரும் நம்புவதில்லை. நடந்தது, 2006 புரட்டாசியில். கணினிக்கு வேலை சொல்ல எத்தனையோ மொழிகள் இருக்கின்றன, பைத்தான் அதில் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை பெரம்பலூருக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் மாநாடு. முந்தைய வெள்ளி, சனி இரண்டு நாளும் பயிற்சி வகுப்புகள். அடுத்த முறை போக நினைக்கிறவர்கள் பின்னூட்டத்தில் வழி கேட்டுக்கொண்டே இருப்பதால் இந்தப் பதிவு.

மாநாட்டுக்குப் போய் உரை கேட்டு, பை வாங்கிக்கொண்டு திரும்புகிறவர்கள் உண்டு. என் கட்சி வேறு. உருப்படியாக ஏதாவது கற்றுக்கொள்ள வேண்டுமானால் கூடவே நடக்கும் வகுப்புகளுக்குத்தான் போக வேண்டும். இந்தத் தடவை நான் கற்றுக்கொள்ளப் போகவில்லை, கற்றுக்கொடுக்கப் போனேன். எல்லா வகுப்பும் ஆங்கிலத்தில் என்று அறிவிப்பு வந்ததும், ஒன்றையாவது தமிழில் நடத்தலாமே என்று ஒருங்கிணைப்பாளர் சுந்தரமூர்த்தி சாருடன் மின்னஞ்சலில் மல்லுக்கு நின்றேன். மனிதர் கெட்டவர் இல்லை, பிடிவாதக்காரர். தமிழில் சொன்னால் யாருக்கும் ஏறாது என்பது அவர் முடிவு.

கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். கல்லூரி ஆய்வகத்தில் இடம் இல்லை, இடத்தை நானே பார்த்துக்கொள்ள வேண்டும். வெள்ளி மாலை அவர் வந்து பார்ப்பார். வந்தவர்கள் ஒவ்வொருவரும் சொந்தமாக ஒரு புரோகிராம் எழுதி ஓட்டிக் காட்ட வேண்டும். இல்லையென்றால் சனிக்கிழமை தமிழ் வகுப்பு கிடையாது, எல்லோரும் பெரம்பலூர் ஆங்கில வகுப்புக்குப் போய்விட வேண்டும். எனக்கு எப்போதும் வாய் முந்திக்கொள்ளும். சரி என்று அன்றைக்கே பதில் அனுப்பிவிட்டேன்.

வியாழன் மதியம் எழும்பூரில் ரயில் ஏறினேன். பெரம்பலூருக்கு ரயில் கிடையாது, அரியலூரில்தான் இறங்க வேண்டும். நாலேகால் மணி நேரம், இரண்டாம் வகுப்பு இருக்கைக்குச் சுமார் எண்பது ரூபாய். என் வகுப்பும் அரியலூரில்தான். அங்கே அச்சகம் வைத்திருக்கும் அன்பழகன், மாநாட்டுக் குழுவில் ஒருவர், கல்யாண மண்டபம் ஒன்றைப் பேசி முடித்திருந்தார். புரட்டாசியில் கல்யாணம் கிடையாது என்பதால் மண்டபம் சும்மா கிடக்கிறது, வாடகையும் குறைவு.

ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்காரர் மண்டபத்தின் பெயரைக் கேட்டதும் திரும்பிப் பார்த்தார்.

"புரட்டாசில என்னங்க கல்யாணம்?"

"கல்யாணம் இல்லைங்க. கம்ப்யூட்டர் வகுப்பு. நாளைக்கு."

"மண்டபத்துலயா?" ஒரு சிமெண்டு லாரியை முந்தினார். அப்புறம், "சாப்பாடு உண்டுங்களா?" என்றார்.

உண்டு என்றேன். அப்படியென்றால் சரி என்பதுபோல் தலையாட்டி, மண்டபத்தைக் காட்டிவிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜில் இறக்கிவிட்டார். இருபது ரூபாய். லாட்ஜில் ஒற்றை அறை நூற்றெழுபத்தைந்து. பின்பக்க அறையாகக் கேட்டு வாங்குங்கள். ரோட்டுப் பக்கம் எடுத்தால் சிமெண்டு லாரிகள் தூங்க விடாது, ஜன்னலைத் திறந்து வைத்தால் காலையில் தலையணை சாம்பல் நிறத்தில் இருக்கும். நான் ரோட்டுப் பக்கம்தான் எடுத்தேன்.

வெள்ளி காலை மண்டபத்தின் சாப்பாட்டுக்கூடத்தில் நுழைந்தபோது மனம் குளிர்ந்துவிட்டது. டவுனில் இருந்த பிரௌசிங் சென்டர்களில் கேட்டு வாங்கிய பன்னிரண்டு கணினிகள் பந்தி மேசைகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. பழக்க தோஷத்தில் மேசையின் மேல் காகிதச் சுருளையும் விரித்து விட்டிருந்தார்கள். பதிவு செய்தவர்கள் பன்னிரண்டு பேர். ஆளுக்கு ஒரு கணினி. கணக்கு கச்சிதம்.

ஒன்பதரைக்குப் பார்த்தால் வாசலில் ஒரு கல்யாண வரவேற்புக்கான கூட்டம். செந்துறை பஸ்ஸிலிருந்து ஒரு கும்பல், லப்பைக்குடிக்காட்டிலிருந்து ஜீப் பிடித்து ஒரு குடும்பம், ரெட்டிபாளையம் சிமெண்டு ஆலையில் ஷிப்ட் முடித்து நேரே வந்த நாலு பேர். எண்ணினால் முப்பத்தாறு. முதலில் உள்ளே வந்த செல்வியிடம் விசாரித்தேன். செந்துறைக்காரப் பெண், பதிவு செய்த பன்னிரண்டு பேரில் ஒருத்தி. கூடவே அவள் மாமியார் தனம், பட்டுப்புடவையில்.

"நோட்டீஸ்ல போட்டிருந்துச்சே டீச்சர், அதான் வந்தோம்" என்றார் தனம்.

நோட்டீஸை வாங்கிப் பார்த்தேன். நாள், நேரம், இடம் எல்லாம் சரி. கடைசி வரியில், 'தங்கள் சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து சிறப்பிக்க வேண்டுகிறோம்.'

அன்பழகனைத் தேடினேன். மனிதர் சமையல்காரரோடு மும்முரமாக நின்றார். "கோவிச்சுக்காதீங்க மேடம். ஆவணில அடிச்ச கல்யாணப் பத்திரிகை மேட்டர எடுத்துத்தான் இந்த நோட்டீஸ அடிச்சேன். மேல எல்லாத்தயும் மாத்திட்டேன். அந்த ஒரு வரி நின்னு போச்சு. எல்லாத்துலயும் இருக்கற வரிங்களா, கண்ணுக்குப் படல. சாப்பாட்ட நான் பாத்துக்கறேன், அரிசிய கூடப் போடச் சொல்லிட்டேன்."

அவருக்கு அரிசிதான் பிரச்சினை. எனக்குக் கணினி. சுந்தரமூர்த்தி சாருக்கு போன் செய்தேன். அந்தப் பக்கம் அவர் சிரித்தது கேட்டது. பதிவு செய்த பன்னிரண்டு பேரை வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிடலாம், முப்பத்தாறு பேரையும் வைத்துக்கொண்டால் முப்பத்தாறு பேரும் எழுதிக் காட்ட வேண்டும் என்றார்.

"அழைச்சிட்டு, வந்தவங்கள வாசல்லயே திருப்பி அனுப்புறதா? அப்புறம் நான் இந்த ஊர்ல பிரஸ் நடத்த முடியுமா?" என்றார் அன்பழகன். "மூணு பந்தியாப் போடுங்க மேடம். முப்பத்தாறு பேரு ஒரு கூட்டமா?"

செல்வி என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள். "நாளைக்குப் பெரம்பலூர்ல இங்கிலீஷ்லன்னு பேசிக்கறாங்களே, நெசமா மேடம்? அப்படின்னா நான் வரல. போன வருசம் ஒரு கோர்ஸ்ல சேந்து, ஒண்ணும் புரியாம ஒரு வாரம் தலையாட்டிட்டு நின்னுட்டேன். அதுக்கு வூட்லயே இருந்துக்கலாம்."

சரி, மூன்று பந்தி என்று முடிவு செய்தேன். ஒரு நாள் முழுக்க நடத்த வைத்திருந்த பாடத்தை ஒரு பந்திக்கு இரண்டு மணி நேரமாக வெட்டினேன். இனி தேறாது என்றுதான் உள்ளுக்குள் நினைத்தேன்.

எழுத வேண்டிய புரோகிராம் இதுதான். நேரத்தைக் கொடுத்தால் அரியலூரிலிருந்து செந்துறைக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கணினி சொல்ல வேண்டும். ஐந்தரை மணியை 1730 என்று எழுதிக்கொள்வோம், கொடுத்த நேரம் பஸ் நேரத்தைவிடச் சிறியதானால் அந்த பஸ், இல்லையானால் அடுத்தது. இப்படி 'ஆனால்' என்று கேட்கும் வரிக்குப் பைத்தானில் 'இஃப்', அதன் முடிவில் இரண்டு புள்ளி வைத்து, அதைச் சேர்ந்ததை அடுத்த வரியில் உள்ளே தள்ளி எழுத வேண்டும். பஸ் நேரங்களை நான் விசாரிக்கவே தேவையிருக்கவில்லை. கூட்டமே சொன்னது, தங்களுக்குள் சண்டையும் போட்டுக்கொண்டது.

முதல் பந்தி உட்கார்ந்தது. மற்றவர்களை வெளியே நாற்காலியில் காத்திருக்கச் சொன்னேன். தலையாட்டினார்கள். ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பினால் ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் இரண்டு பேர் நிற்கிறார்கள். நம் ஊர்க் கல்யாணத்தில் சாப்பிட்டவர்களுக்கு இது தெரியும். கூட்டம் அதிகமானால், சாப்பிடுகிறவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு அடுத்த பந்திக்கு இடம் போட்டு வைப்பார்கள். ரசத்துக்கு வந்துவிட்டாரா, மோருக்கு வந்துவிட்டாரா என்று இலையையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

எனக்குப் பொதுவாகவே தோளுக்குப் பின்னால் யாராவது நின்றால் பிடிக்காது. "எல்லாரும் தள்ளிப் போங்க" என்று கத்தினேன். இரண்டடி தள்ளினார்கள், நான் திரும்பியதும் மூன்றடி கிட்டே வந்தார்கள். இரண்டாவது முறை கத்த வாயைத் திறந்தபோது செல்வியின் திரையில் பிழை வந்து நின்றது. அவள் முகம் வாடிவிட்டது. பின்னால் நாற்காலியைப் பிடித்து நின்ற தனம் குனிந்தார்.

"மேல வரி முடியற எடத்துல ரெண்டு புள்ளி வெச்சியே. இங்க வெக்கலியே."

செல்வி வைத்தாள். ஓடியது. மாமியாரும் மருமகளும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நான் யாரையும் தள்ளி நிற்கச் சொல்லவில்லை. பின்னால் நிற்கிறவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டே நடந்தேன். "உள்ள தள்ளி எழுது, அது அந்த 'இஃப்'க்குள்ள வரணும்." "எழுத்துத் தப்பு, மேல பாரு." உட்கார்ந்திருக்கிறவர்களுக்குப் பதற்றம், நிற்கிறவர்களுக்கு அது கிடையாது. கண் மட்டும் திரையில். முதல் பந்தி எழுந்திருக்க மதியம் ஒன்றரை மணி ஆகிவிட்டது. சாப்பாடு முடிந்து இரண்டாம் பந்தி உட்கார்ந்தபோது என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். மூன்றாம் பந்தி அதைவிடச் சீக்கிரம். லப்பைக்குடிக்காடு குடும்பத்தின் பெரியவர் தங்கள் ஊர் பஸ்ஸையும் சேர்த்து எழுதி, துபாயில் இருக்கும் மகனுக்குப் போனில் படித்துக் காட்டினார். நான் கூடத்தின் நடுவில் நின்று வெற்றிலை போட்டேன். அவ்வளவு சந்தோஷம்.

சுந்தரமூர்த்தி சார் வந்து சேர ஐந்தேகால். ஒவ்வொரு திரையையும் பார்த்தார், முகத்தில் நம்பிக்கை இல்லை. பார்த்து எழுதியிருக்கலாம் என்றார். தன் கண் முன்னால் ஒருவர் முதலிலிருந்து எழுதட்டும், பின்னால் யாரும் நிற்கக் கூடாது என்றார். செல்வியைத்தான் கைகாட்டினார்.

கூடம் முழுக்கச் சுவரோரமாக ஒதுங்கி நின்றது. செல்வி தட்டினாள், பிழை வந்தது. பழக்கத்தில் திரும்பிப் பார்த்தாள், அங்கே யாரும் இல்லை. சுவரோரம் தனம் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். செல்வி ஒவ்வொரு வரியாக விரலை வைத்துக்கொண்டே கீழே வந்தாள். "இது உள்ள போவணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஒரு வரியைத் தள்ளினாள். ஓடியது.

"நேரம் குடும்மா" என்றார் சார். அவள் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து 1733 என்று தட்டினாள். 1740 என்று வந்தது. அடுத்த நொடி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"அத்தே, பஸ்ஸு."

செந்துறைப் பக்கத்துக்காரர்கள் அத்தனை பேரும் செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள். "இருங்க, மத்தவங்க எழுத வேண்டாமா?" என்றார் சார்.

"அடுத்தது ஏழு பத்துக்குத்தான் சார். சந்தேகம்னா அதுலயே கேட்டுப் பாருங்க" என்று கணினியைக் காட்டிவிட்டு அவள் படியிறங்கினாள்.

அவர் நிஜமாகவே உட்கார்ந்து தட்டிப் பார்த்தார். பிறகு வாசலுக்கு வந்து என் பக்கத்தில் நின்றார். எதிரே பஸ் ஸ்டாண்டிலிருந்து செந்துறை பஸ் திரும்பியது, ஜன்னலிலிருந்து நிறையக் கைகள் ஆடின. மணி ஐந்து நாற்பத்திரண்டு. "நாளைக்கு இங்க எத்தனை மணிக்கு ஆரம்பிக்கிறீங்க?" என்றார். இதைவிட நல்ல கேள்வியை நான் அந்த வருடம் கேட்கவில்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். அரியலூர், பெரம்பலூர் இடையே முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். பஸ் அடிக்கடி இருக்கிறது, பத்து ரூபாய்க்குள் முடியும். ஒரு மணி நேரம் என்பார்கள், சிமெண்டு லாரிக்குப் பின்னால் மாட்டினால் ஒன்றேகால். மாநாடு நடந்த கல்லூரிக்குப் பெரம்பலூரிலிருந்து டவுன் பஸ் உண்டு, ஆட்டோ எண்பது கேட்பார்கள், ஐம்பதுக்கு வருவார்கள். வகுப்புகளுக்கு முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். வெளிர் நிற உடுப்பு வேண்டாம், தூசியில் ஒரே நாளில் நிறம் மாறிவிடும். வகுப்பு நடத்தப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஆளுக்கு ஒரு கணினி கிடைக்கவில்லையே என்று என்னைப் போல் குதிக்காதீர்கள்.

சனிக்கிழமையைப் பற்றிச் சொல்ல விட்டுப்போயிற்று. தமிழ் வகுப்பு நடந்தது, மூன்று பந்தியாகவே. மதியம் பெரம்பலூரில் தன் வகுப்பை முடித்துக்கொண்டு சுந்தரமூர்த்தி சார் வந்தார். கணினிகள் எல்லாவற்றிலும் ஆள். யாரையும் எழுப்பவில்லை. கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டிக்கொண்டிருந்த தனத்தின் நாற்காலிக்குப் பின்னால் போய், அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

தனம் திரும்பிப் பார்க்கவில்லை. "கொஞ்சம் இருங்க தம்பி," என்றார், "இன்னும் முடிக்கல."