சக்கரத்தில் கட்டிய பேய்

பல் பிடுங்க இரத்தினபுரிக்குப் போனவன், பல்லோடும் ஒரு பேய் விளையாட்டோடும் நிவித்திகல பஸ்ஸில் திரும்பி வந்தேன். டாக்டர் வர இரண்டு மணி நேரமாகும் என்றார்கள். வெளியே மழை. ஒதுங்க ஏறிய கடையில் பழைய கேம் டிஸ்க்குகளை அடுக்கி வைத்திருந்தார்கள். ஓர் அட்டையில் வெள்ளத்தில் மூழ்கிய ஊர்; முழங்கால் தண்ணீரில் ஒருவன் தனியாக நிற்கிறான். அதை எடுத்தவன் கீழே வைக்கவில்லை. கடைக்கார நானா, எத்தனை வயதுப் பிள்ளைக்கு, இது பயங்கரமான சாமானாச்சே என்று கேட்டார். முப்பத்தெட்டு வயதுப் பிள்ளைக்கு என்று சொல்ல வெட்கம். பதினாறு என்றேன்.

விளையாடும் பெட்டியும் என்னுடையதல்ல. தம்பி கத்தாருக்குப் போகும்போது டிவியோடு விட்டுப்போனது. அம்மா அப்பா இருந்த காலத்தில் தேயிலைத் தோட்டத்து லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் கால் நீட்டிப் படுக்க இடமிருக்காது. இப்போது பாயை எந்த மூலையில் போடுவதென்று யோசிக்க வேண்டியிருக்கிறது. தம்பி முதலில் தினமும் பேசினான், பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில், பிறகு தீபாவளிக்கு.

பக்கத்துக் காம்பரா அக்காவோடு எனக்கு ஒரு வருசமாகப் பேச்சுவார்த்தை இல்லை. பீலியில் தண்ணீர் பிடிக்கும் வரிசையில் வந்த சண்டை. அவர் குடத்தைக் காலால் தள்ளிவிட்டு, பிள்ளை இல்லாத ஒரு பெண்ணிடம் சொல்லக்கூடாத சொல்லைச் சொன்னேன். அதை இங்கேயும் எழுதமாட்டேன். மறுநாளே மன்னிப்புக் கேட்டிருக்கலாம், ரோசம் விடவில்லை. ரோசம் அடங்கியபோது வெட்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. அம்மா செத்தபோது மூன்று நாள் எனக்குச் சோறு போட்டவர் அவர்.

விளையாட்டைப் பற்றிச் சொல்கிறேன். அதில் நாயகன் செத்தவன். செத்த பிறகும் ஊரைக் காவல் காக்கிறான். வீடு வீடாக விளக்கு எரியும், உள்ளே ஆள் இருக்காது. தண்ணீரிலிருந்து பேய்கள் எழும்பி வரும், அவற்றை நெருப்புச் சங்கிலியால் அடிக்க வேண்டும். அடிதடி அப்படியொன்றும் பிரமாதமில்லை. ஒரே பொத்தானை அமுக்கி அமுக்கிக் கட்டைவிரல் வீங்கியதுதான் மிச்சம். எனக்குப் பிடித்தது வேறு. ஒவ்வொரு சண்டைக்கும் பிறகு அவன் அணைந்துபோன ஓர் அடுப்புக்கு முன்னால் உட்காருவான். அவனுடைய நிழல் எதிரே உட்கார்ந்து, ஒடுங்கிய குரலில் அவனிடம் ஏதாவது கேட்கும். என் இங்கிலீசுக்குப் பாதிதான் புரியும். ஆனால் கேள்வி கேட்கிறது என்பது புரியும். நான் தமிழில் பதில் சொல்வேன். இன்றைக்குத் தேயிலை ஸ்டோரில் கொழுந்து அதிகம் என்பேன். பல் இன்னும் வலிக்கிறது என்பேன். வேலை முடிந்து வந்ததும் அந்த அடுப்படிவரை போய்ச் சேருவதற்காகவே பேய்களை அடித்தேன்.

பாதி ஊர் தாண்டியதும் ஓர் ஆலை வரும். அங்கே ஆள் உயரத்தைப்போல மூன்று மடங்குள்ள சக்கரம், அதில் கட்டப்பட்ட பேய். சக்கரம் சுற்றும்போது அது உறுமுகிற உறுமலில் டிவி அதிரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து அதனிடம் செத்துக்கொண்டிருந்தேன். பதினோராவது தடவை, "விட்ருடா என்னைய!" என்று கத்தியது எனக்கே நினைவிருக்கிறது.

லயத்துச் சுவர் கூரைவரை போகாது என்பது அப்போது நினைவில்லை. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தோட்டத்துத் தேயிலை ஆலையை நாங்கள் ஸ்டோர் என்போம்; அங்கே கொழுந்து உருட்டும் ரோலர் மெசினில் வேலை செய்பவன் நான். மெசினின் பெரிய சக்கரத்துக்கு எங்களிடம் ரோதை என்று பேர்; அதில் குடியிருக்கும் சாமி ரோதமுனி. வருசத்துக்கு ஒருமுறை பூசை போடாமல் ரோலர்காரன் எவனும் மெசினில் கை வைக்கமாட்டான். இந்த வருசம் பூசையை முன்னின்று நடத்தியவர் அக்காவின் வீட்டுக்காரர். அவர் முகத்தில் விழிக்க முடியாமல் நான் போகவில்லை. பூசைக்கு வராத ரோலர்காரன், சக்கரம் சுற்றும் சத்தம், உறுமல், விடச் சொல்லிக் கதறல். பக்கத்துக் காம்பராவில் இருப்பவர்கள் வேறென்ன நினைப்பார்கள்?

மத்தியானம் இடித்த இடியில் கரண்ட் போயிற்று. ஜாய்ஸ்டிக்கைக் கையில் வைத்துக்கொண்டு இருட்டு டிவியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். கதவைத் தள்ளிக்கொண்டு பூசாரி வந்தார், பின்னால் அக்காவின் வீட்டுக்காரர், கடைசியாகத் தலையில் உரச்சாக்கைப் போட்டுக்கொண்டு அக்கா. மூவரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள். இது கேம், கரண்ட் வந்தால் காட்டுகிறேன் என்றேன். முனி பிடித்தவன் அப்படித்தான் பேசுவான் என்றார் பூசாரி. அக்கா மட்டும் என் கையிலிருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதை மெதுவாக வாங்கி டிவிக்கு மேல் வைத்தார்.

கிழக்குப் பார்த்து உட்கார வைத்தார்கள். தேசிக்காய் வெட்டி, நெற்றியில் திருநீறு அப்பி, வேப்பிலையால் தோளில் அடித்தார்கள். இன்னும் இரண்டு தடவை விளக்கிச் சொல்லியிருந்தால் விட்டிருப்பார்கள். நான் சொல்லவில்லை. அந்தக் காம்பராவுக்குள் மனிதர் வந்து எத்தனை மாதம்! அடியும்கூட இதமாக இருந்தது.

"சொல்லு, என்னா வேணும் ஒனக்கு?" என்று பூசாரி முனியிடம் கேட்டார்.

"பேச ஆளில்ல சாமி," என்றேன்.

அதைச் சொன்னது முனியில்லை. சொன்னதும் அழுதுவிட்டேன்.

பூசாரிக்கு அது போதுமானதாக இருந்தது. மூன்று நாளைக்கு என் அடுப்பு எரியக்கூடாது, பக்கத்து வீட்டுச் சோறுதான் தின்ன வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்று நாளும் அக்கா தட்டைக் கொண்டுவந்து வாசல் இஸ்தோப்புத் திண்டில் வைத்தார். சோறும் பருப்பும், ஒருநாள் கருவாடு. ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் தட்டைக் கழுவி அதே இடத்தில் வைத்தேன். மன்னிப்புக் கேட்கும் வசனத்தை மூன்று நாளும் ரோலர் சத்தத்துக்குள் சொல்லிப் பார்த்தேன்.

நான்காம் நாள் தட்டு வரவில்லை. வராது என்று தெரியும். ஆனாலும் ஆறு மணிவரை காத்திருந்தேன். பிறகு எழும்பி டிஸ்க்கைப் போட்டு, ஆலைக்குப் போய், சக்கரத்துக்கு முன்னால் நின்றுகொண்டு சத்தத்தை முழுதாகக் கூட்டினேன். சண்டை போடவில்லை. அது உறுமட்டும் என்று விட்டுவிட்டேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

"தம்பி," என்றார் அக்கா. "அந்தப் பொட்டியக் கொறைங்க. கூப்பிட்டாலே கேக்கும்."

டிவியை நிறுத்தினேன். மூன்று நாள் பாடம் பண்ணிய வசனத்தோடு சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"அக்கா," என்றேன்.

"என்னா தம்பி?"

"ஒண்ணுமில்லக்கா."

"சரி," என்றார். பாத்திரச் சத்தம் மறுபடி கேட்டது.