கம்பி வழி வந்த கொய்னா

எனக்கு அந்தக் காய்ச்சல் வந்தது ஜப்பான்காரன் காலத்தில். அதற்கு முன்பும் எனக்குக் காய்ச்சல் வந்ததுண்டு. ஆனால் வெள்ளைக்காரன் காலத்துக் காய்ச்சலுக்கு மலாக்காவில் மருந்து கிடைத்தது. ஜப்பான்காரன் காலத்துக் காய்ச்சலுக்கு மரவள்ளிக் கிழங்குதான் கிடைத்தது.

மலாக்கா டவுனுக்கு வெளியே, காஜா பேராங்கில் எங்கள் வீட்டின் பின்புறம் முழுக்க மரவள்ளிதான். அப்பா பஸ் கண்டக்டராக இருந்தவர். பெட்ரோல் இல்லாமல் பஸ்கள் நின்றுபோனதும் மண்வெட்டியைக் கையில் எடுத்தார். வீட்டில் மாதச் சம்பளம் வாங்கியது அப்பாவின் தங்கை மட்டும்தான். அத்தைக்கு டவுனில் தொலைபேசி நிலையத்தில் வேலை, அதுவும் டிரங்க் மேசையில். வெளியூர் அழைப்புகளை இணைப்பது அவள் பொறுப்பு.

இன்று என் மகள் கடல் கடந்த ஊரிலிருந்து முகத்தைக் காட்டிப் பேசுகிறாள். திரையில் தெரியும் என் வீட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டே, "அம்மா, போனை நேராப் பிடிங்க" என்கிறாள். அதற்கு முந்திய காலத்தில் ஊர் எண்ணோடு சேர்த்துச் சுழற்றினால் எதிர்முனையில் நேராக மணியடித்தது. அத்தையின் காலத்தில் அப்படியில்லை. மலாக்காவிலிருந்து ஒரு பேச்சு கோலாலம்பூர் போக வேண்டுமென்றால் அதை மனிதர்கள் கைமாற்றிக் கொடுக்க வேண்டும். அத்தை ஒரு கயிற்றின் முனையை மேசையின் துளையில் செருகி, வழியிலுள்ள தம்பின் ஊரைக் கூப்பிடுவாள். தம்பின் சிரம்பானைக் கூப்பிடும். சிரம்பான் கோலாலம்பூரைக் கூப்பிடும். பேச வேண்டியவர் அதுவரை போனை வைத்துவிட்டுக் காத்திருப்பார். மழை பெய்தால் குரல் பாதி வழியிலேயே கரைந்துவிடும். அப்போது நடுவில் இருப்பவர்கள் இந்தப் பக்கம் சொன்னதை வாங்கி அந்தப் பக்கம் உரக்கச் சொல்வார்கள்.

இந்த ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. ஊர்ப் பெயர்தான் அவர்களுக்குப் பெயர். "இன்னிக்குச் சிரம்பானுக்குத் தொண்டை கட்டியிருக்கு" என்று அத்தை சோறு போட்டுக்கொண்டே சொல்வாள். எங்கள் வீட்டில் யாருக்கும் அது விநோதமாகப் படாது. சிரம்பான் ஒரு பெண், தம்பின் ஒரு ஆண் என்பது தெரியும். அவர்கள் சீனரா, மலாய்க்காரரா, நம்மவரா என்று அத்தைக்கே தெரியாது. எல்லாரும் மலாயில் பேசினார்கள்.

ஜப்பான்காரன் வந்தபின் வீடுகளின் தொலைபேசிகள் போய்விட்டன. பட்டாளம், போலீஸ், ஆஸ்பத்திரி, அரிசி ஆபீஸ், இவற்றுக்குத்தான் கம்பி. ஆங்கிலம் பேசக்கூடாது. "மோஷி மோஷி" என்று தொடங்கி ஜப்பான் மொழியிலோ மலாயிலோ முடிக்க வேண்டும். பின்னால் ஒரு அதிகாரி உட்கார்ந்திருப்பான். நினைத்தால் எந்தப் பேச்சையும் அவன் ஒட்டுக்கேட்கலாம். அத்தையின் பக்கத்து மேசைக்காரர் ஒருநாள் தம்பினிடம் ஏதோ சொந்த விஷயம் விசாரித்துவிட்டார். அறை விழுந்தது. பிறகு தலைக்குமேல் நாற்காலியைத் தூக்கிப் பிடித்தபடி வெயிலில் நிறுத்தப்பட்டார். இதை அத்தை வீட்டில் சொன்னபோது நான் கேட்ட ஒரே கேள்வி, அந்த நாற்காலிக்குக் கை இருந்ததா என்பதுதான்.

பிறகுதான் எனக்குக் காய்ச்சல் வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர் வந்து உலுக்கும். சாக்கு, பழைய வேட்டி, அப்பாவின் கண்டக்டர் கோட்டு என்று வீட்டிலிருந்த துணியெல்லாம் என்மேல் ஏறும். பல தலைமுறைக்கு முன்பே மலாய் பேசத் தொடங்கிவிட்ட பக்கத்துச் செட்டி வீட்டு அம்மா, கெபாயாச் சட்டையின் முனையில் ஒரு கட்டு இலை ஏந்திக் கொண்டுவந்து "ஹெம்பெடு பூமி" என்று மலாயில் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். அம்மா அதை முகர்ந்து பார்த்து, "இது நம்ம நிலவேம்புதானே" என்றாள். எந்தப் பெயரிலும் அது ஒரே கசப்புதான். காய்ச்சல் அசையவில்லை. ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர் என் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். மலேரியாவுக்குக் கொய்னா மாத்திரை வேண்டும். இருக்கிற கொய்னா பட்டாளத்துக்கு.

ஒரு காலையில் நான் அம்மாவைப் பார்த்து, "நீங்க யாரு?" என்று கேட்டேனாம். எனக்கு அது நினைவில்லை. அன்று அத்தை வேலைக்குக் கிளம்பும்போது அம்மா வாசற்படியில் வழிமறித்து நின்றாள்.

"இன்னொரு குளிர் வந்தா புள்ள தாங்காது. உன் கம்பியில யாரையாச்சும் கேட்டுப் பாரேன்."

அப்பா குறுக்கே பேசினார். "அவளையும் வெயில்ல நிறுத்தவா? சும்மா இரு."

"நான் சும்மா இருந்துடுவேன். புள்ளைக்கு என்ன சொல்றது?"

அத்தை கொண்டையை இன்னும் இறுக்கி முடிந்துகொண்டு போய்விட்டாள்.

அன்று அரிசி ஆபீஸிலிருந்து சிரம்பானுக்கு ஒரு பேச்சு. அது முடிந்தது. அத்தை கயிற்றைப் பிடுங்கவில்லை. "தம்பின், கினா அட தாக்?" என்று கேட்டாள். கொய்னா இருக்கிறதா, இல்லையா. வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றும் சேர்த்துக்கொண்டாள். அரிசி மூட்டையைப் பற்றிப் பேசிய அதே குரலில், அதே சத்தத்தில் கேட்டாள். குரலைத் தாழ்த்தினால்தான் பின்னால் இருப்பவன் நிமிர்ந்து பார்ப்பான் என்பது அவளுக்குத் தெரியும். தம்பின் இல்லை என்றார். ஆனால் அதோடு விடாமல் அதே கேள்வியைச் சிரம்பானிடம் தள்ளிவிட்டார். அதிகாரி என்ன என்று கேட்டான். லைன் சரியில்லை, திருப்பிச் சொல்கிறேன் என்றாள் அத்தை. சொல்லிவிட்டுக் கயிற்றைப் பிடுங்கி அடுத்த துளையில் செருகினாளாம்.

சிரம்பான் மறுநாள் ஒரு பேச்சின் முடிவில் கேட்டாள், பிள்ளைக்கு என்ன வயது என்று.

"ஏழு" என்றாள் அத்தை.

பிறகு சிரம்பான் சொன்னாள், "நாளைக்கு ரயிலில் தம்பினுக்கு வரும்."

ரயில்வே கார்டு ஒருவர் கொண்டுவந்து கொடுக்க, தம்பின் அதைத் தன் சாப்பாட்டுத் தூக்கில் ஒளித்து வைத்துக்கொண்டார். தம்பினிலிருந்து மலாக்காவுக்கு ரயில் கிடையாது. அந்தத் தண்டவாளத்தை ஜப்பான்காரர்கள் பெயர்த்து, சயாமில் புதுப் பாதை போடக் கொண்டுபோய்விட்டார்கள். ஆகவே அப்பா சைக்கிளில் போனார். டயர் கிடைக்காத காலம். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாயை வெட்டிச் சக்கரத்தில் சுற்றிக் கட்டியிருந்தார். ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் ஏறும். விளக்கு வைக்கும் நேரத்தில் திரும்பி வந்தவர் சைக்கிளிலிருந்து இறங்கியதும் கால் நிற்காமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே சட்டைக்குள்ளிருந்து ஒரு தைல டப்பாவை எடுத்து அம்மாவிடம் நீட்டினார்.

அதற்குள் மாத்திரைகள். அம்மா ஒன்றை எடுத்து என் வாயில் போட்டு, துப்பிவிடாதபடி உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். அந்தக் கசப்பு காது வரை போயிற்று. சில நாளில் குளிர் நின்றது. பசி வந்தது. மரவள்ளிக் கிழங்கே எனக்கு ருசித்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"மாத்திரை எங்கேருந்து வந்துச்சு?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

"அத்தை கம்பியில கேட்டா. சிரம்பான் குடுத்துச்சு" என்றாள். நான் அதை அப்படியே நம்பினேன்.

நான் எழுந்து நடமாடத் தொடங்கியபின், ஜப்பான்காரர்களுடைய விழா ஏதோ ஒன்று வந்தது. அதிகாரிகள் எல்லாரும் திடலில் கொடிக்கு முன் குனிந்து நிற்கப் போயிருந்தார்கள். அத்தை சொல்லியனுப்பினாள். அப்பா என்னைச் சைக்கிளில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு டவுனுக்குப் போனார். அத்தை தன் தலையிலிருந்த காதுக் கருவியைக் கழற்றி எனக்கு மாட்டினாள். அது நழுவி விழாமல் தன் கையாலேயே என் தலையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். ஒரு பெண் குரல், யாரது என்று கேட்டது.

"மலாக்கா" என்றேன். அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

அந்தக் குரல் சிரித்தது. நான் வீட்டிலேயே ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்த "தெரிமா காசே"யைச் சொன்னேன். நன்றி.

"செகாலி லாகி" என்றது குரல். இன்னொரு முறை.

லைன் சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்து உரக்கச் சொன்னேன். மறுபடியும் "செகாலி லாகி". இன்னும் உரக்கச் சொன்னேன். மேசைகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சாப்பிட்டாயா என்று கேட்டாள். மரவள்ளி என்றேன். அதையும் இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். இப்படியே போயிற்று. கடைசியில் எனக்கு வெகுநாளாக இருந்த சந்தேகத்தைக் கேட்டுவிட்டேன். "மாத்திரையைக் கம்பிக்குள்ள எப்படி நுழைச்சீங்க?"

கம்பியில் கரகரவென்று ஏதோ ஓசை. சிரம்பானில் மழை வந்துவிட்டது என்று முடிவு செய்தேன். மழை என்றால் கத்த வேண்டும் என்பது அத்தை வீட்டில் சொல்லிக் கேட்டதுதானே. கத்தினேன். எப்போதும் என்னை அடக்கும் அத்தை அன்று அடக்கவில்லை. தலையைப் பிடித்திருந்த அவள் கை மட்டும் அழுந்தியது.

என் முதல் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டு நான் கலங்கி உட்கார்ந்திருந்தபோதுதான் அத்தை மீதியைச் சொன்னாள். சிரம்பானுக்கு ஒரு மகன் இருந்தான். அவனுக்கும் ஏழு வயது. அதே காய்ச்சல். அலைந்து திரிந்து அந்த மாத்திரைகளைத் தேடிக் கொண்டுவந்தபோது பிள்ளை போய்விட்டிருந்தான். அந்த டப்பாவைத் தூக்கிப் போடவும் மனமில்லாமல், வைத்துக்கொள்ளவும் முடியாமல் அவள் இருந்த நாட்களில்தான் தம்பின் வழியாக அந்தக் கேள்வி போய்ச் சேர்ந்திருக்கிறது.

"அன்னிக்கு லைன் ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றாள் அத்தை. "பக்கத்துல உட்காந்து பேசற மாதிரி. நீ சொன்னது முதல் தடவையே அவளுக்குக் கேட்டிருக்கும்."

போர் முடிந்து ஆட்கள் மாறிப்போனார்கள். சிரம்பானின் சொந்தப் பெயர் கடைசி வரை எங்களுக்குத் தெரியவில்லை. அந்தப் பெண்ணுக்கு நான் கொடுத்ததென்று ஏதாவது இருந்தால் அது ஒன்றுதான்: எத்தனை முறை கேட்டாலும் சலிக்காமல் திருப்பிச் சொன்னேன். என்ன கொடுக்கிறேன் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அன்று வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் ஓடிப்போய் இரக்கத்தோடு நான் சொன்னது இதுதான்:

"அம்மா, சிரம்பானுக்குப் பாவம், காது சரியாக் கேக்கல."