கோபுரத்தின் உச்சியில் ஒரு தற்செயல்

அக்காவுக்கு மாப்பிள்ளை பார்ப்பதற்காகப் பாரிஸில் ஓர் உயர்ந்த கட்டடத்தின் உச்சிக்கு நாங்கள் குடும்பமாக ஏறினோம். ஆனால் அதை யாரிடமும் அப்படிச் சொல்லக் கூடாது என்பதே அன்றைய முதல் விதி. நகரைப் பார்க்க வந்தோம். அங்கே தற்செயலாக ஒரு தமிழ்க் குடும்பத்தைக் கண்டோம். இரண்டு வார்த்தை பேசினோம். நடப்பதற்கு முன்பே நடந்ததை இப்படித்தான் சொல்லவேண்டும் என்று அம்மா எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்.

இது எங்கள் ஆட்களிடம் புதிய வழக்கமன்று. முதற் சந்திப்பைத் தற்செயலாக அமைத்துக்கொண்டால், சரிவராத போது எவரும் எவரையும் மறுத்ததாகாது. கேட்கப்படாத கேள்விக்கு ‘இல்லை’ என்று எவரும் சொல்ல முடியாது அல்லவா? வழக்கமாக இதற்குக் கோயில் பயன்படும். ஆனால் எங்கள் கோயில், தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலுக்குப் பக்கத்தில் இருந்தது. அக்கா பட்டுச்சேலையில் தெருவில் இறங்கினால், நாங்கள் ரூ காய் தெருமுனையைத் தாண்டுவதற்குள் மரக்கறிக் கடைக்காரர், “மாப்பிள்ளை என்ன வேலை, தங்கச்சி?” என்று கேட்டுவிடுவார். கேட்டும் இருக்கிறார். ஆகவே எந்தத் தமிழரும் காசு கொடுத்து வரமாட்டார்கள் என்று நம்பத்தக்க ஓர் இடம் தேவைப்பட்டது.

அக்கா பாரிஸின் புறநகரான ஸ்தேனில் ஒரு முதியோர் இல்லத்தில் தாதியாக வேலை செய்தாள். இதற்கு முன் வந்த இரண்டு சம்பந்தங்களையும் அவள் வேண்டாம் என்றாள். இரண்டு முறையும் அம்மா மறுபக்கத்துக்குச் சாதகம் பொருந்தவில்லை என்றே சொல்லியனுப்பினார். அக்காவின் சொல் எங்கள் வீட்டுக் கதவுக்கு வெளியே போகவே இல்லை. இம்முறை அவள் ஒரு நிபந்தனை வைத்தாள்.

“மாப்பிள்ளையோடை நான் தனியக் கதைக்க வேணும். கதைச்சிட்டு வேண்டாம் எண்டால் வேண்டாம். கிரகம், செவ்வாய் எண்டு ஒருத்தரும் கதை மாத்தக் கூடாது. நான்தான் வேண்டாம் எண்டனான் எண்டு சொல்ல வேணும்.”

அம்மா ஒப்புக்கொண்டார். பல் வைத்தியரின் கதிரையில் சாய்ந்திருப்பவர்கள் எதற்கும் தலையாட்டுவதைப் போன்ற ஒப்புதல் அது. அவர் அந்த வாக்கைக் காப்பாற்றுவாரா என்பது எனக்குச் சந்தேகமாகவே இருந்தது. அக்காவுக்கும் இருந்திருக்கும். இம்முறையும் அவளுடைய சொல்லைக் கிரகங்கள் எடுத்துக்கொண்டால், இனி எந்தச் சம்பந்தத்துக்கும் முகம் காட்டமாட்டாள் என்று என்னிடம் சொல்லியிருந்தாள்.

இடத்தைத் தெரிந்தெடுத்தவர்கள் மாப்பிள்ளை வீட்டார். மாப்பிள்ளை பாரிஸில் பொறியியலாளர், பெற்றோர் சுவிஸ். உச்சித் தளத்தில் எல்லோரும் நிற்கும் பகுதியைத் தவிர, கூடுதல் காசுக்கு ‘பிரீமியம்’ என்று ஒரு கூடம் இருந்தது. அவர்கள் அதில் இருப்பார்கள் என்று தகவல் வந்தது.

“அவை பிரீமியத்திலை இருக்க, நாங்கள் சனத்தோடை சனமாய் நிண்டு பாக்கிறதோ?” என்றார் அம்மா. நாங்களும் அதற்கே பதிவு செய்தோம்.

நகர்ப்புறச் சமத்துவமின்மை பற்றிய பட்டப்படிப்பை அப்போதுதான் முடித்திருந்தேன். ஒரே வானத்தையும் ஒரே நகரத்தையும் கம்பளத்தின் தடிப்பைக் கொண்டு தரம் பிரித்து விற்பது சரியா என்று, மார்க்ஸ் டோர்மோயில் ஏறிய மெட்றோவிலேயே கேட்டேன். அப்பா பொறுமையாகக் கேட்டார்.

“உதை மேலை போய் யோசி, பிள்ளை. அங்கை கதிரை இருக்காம்.”

சம்பந்தம் பேசிய மாமியை அந்தக் கட்டடத்தின் வாசலில் கண்டோம். அவர் எங்களுக்கு உறவில்லை. லாச்சப்பலில் பாதிப்பேருக்கு அவர் மாமி. மேலே வர மறுத்துவிட்டார். அவரும் அங்கே நின்றால் அது எப்படித் தற்செயலாகும்? “அவை ஏறிட்டினம். போய்த் தற்செயலாய்ச் சந்தியுங்கோ,” என்று வழியனுப்பினார்.

மாப்பிள்ளையின் படத்தை அம்மா மட்டும் பார்த்திருந்தார். யாரோ ஒருவருடைய கலியாணத்தில் அவர் தோழனாகத் தலைப்பாகை கட்டி நின்ற படம் அது என்று பிறகுதான் தெரிந்தது. நெற்றியும் காதும் தலைப்பாகைக்குள் போக, மிச்சத்தைப் பூமாலை மூடியிருந்தது. அக்கா பார்க்க மறுத்தாள். ஆளோடு கதைத்த பிறகுதான் முகம் என்றாள்.

உடையிலும் ஒரு சிக்கல் இருந்தது. பெண் பார்க்கும் நாளுக்குப் பட்டு வேண்டும். தற்செயலுக்குப் பட்டு ஆகாது. ஆகவே அம்மாவும் அக்காவும் பட்டுச்சேலைக்கு மேல் குளிர்கால அங்கியைக் கழுத்துவரை பொத்தானிட்டு வந்தார்கள். மேலே அந்தக் கூடத்தில் வெப்பமூட்டியை நன்றாகவே திறந்து வைத்திருந்தார்கள். எங்கள் கைகளில் பொன்னிறக் கைப்பட்டி கட்டி உள்ளே அனுப்பிய இளைஞன் மூன்று முறை அங்கிகளை வாங்கி மாட்டிவைக்கக் கேட்டான். அம்மா வியர்வையைத் துடைத்துக்கொண்டே மூன்று முறையும் மறுத்தார்.

கண்ணாடியோரம் ஒரு தமிழ்க் குடும்பம் நின்றது. தாய், தகப்பன், சற்று ஒதுங்கி முப்பது வயது மதிக்கத்தக்க மகன்.

“அங்கை நிக்கினம். ஒருத்தரும் பாக்காதேங்கோ,” என்றார் அம்மா. நால்வரும் பார்த்தோம்.

அம்மா நகரத்தை ரசிப்பவர்போலப் பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து அவர்களை அடைந்தார்.

“தமிழே?”

“ஓம் ஓம்,” என்றார் அந்தப் பெண்மணி மலர்ந்த முகத்துடன். “இஞ்சை தமிழ் ஆக்களைக் காணுவம் எண்டு நாங்கள் நினைக்கவே இல்லை.”

அம்மா என் பக்கம் திரும்பி, “என்ன மாதிரி நடிக்கினம் பார்,” என்று முணுமுணுத்தார். பிறகு சத்தமாக, “நாங்களும் சும்மா தற்செயலாத்தான் வந்தனாங்கள்,” என்றார்.

“நாங்கள் ஜேர்மனி. நாளைக்குத் திரும்பிடுவம்.”

“சுவிஸ் எண்டு சொல்லாமல் ஜேர்மனி எண்டு சொல்லுறா. எவ்வளவு அவதானமான ஆக்கள்.” இதுவும் என் காதுக்குள்.

“ஊரிலை எவடம்?” என்று அம்மா கேட்டார். எங்களவர் நடுவே இந்தக் கேள்வி ஊரை மட்டும் கேட்பதில்லை. அதை எழுப்பும்போதெல்லாம் நான் வீட்டில் எதிர்ப்புத் தெரிவிப்பேன். அன்று தெரிவிக்கச் சந்தர்ப்பம் கிடைக்கவில்லை.

“கரவெட்டிப் பக்கம்.”

மாப்பிள்ளை வீடு வடமராட்சி என்று மாமி சொல்லியிருந்தார்; கரவெட்டியும் அங்கேதான். அம்மாவின் முகத்தில் கடைசிச் சந்தேகமும் தீர்ந்தது.

“தம்பி ஏன் ஒதுங்கி நிக்கிறார்?”

“அவனுக்கு உயரமெண்டால் பயம். வெளித்தளத்துக்கு வரமாட்டன் எண்டு உள்ளை நிக்கிறான்.”

“அடக்கமான பிள்ளை,” என்றார் அம்மா.

இதற்குள் அப்பாவும் அந்தத் தகப்பனும் நுழைவுச்சீட்டோடு கிடைத்த ஷாம்பெயினை ஆளுக்கொரு கிண்ணமாக எடுத்துக்கொண்டு, குத்தகைக்கு எடுத்த காணிகளைப் பார்ப்பவர்கள்போல ஊரைக் கீழே பார்த்து நின்றார்கள். அம்மா அக்காவை இடித்தார்.

“பிள்ளை, அன்ரி ஆக்களுக்குக் கோப்பி எடுத்துக் குடு.”

அக்கா போனாள். அங்கேயோ ஒரு கைப்பட்டிக்கு ஒரு பானம்தான்; உரியவர் நேரில் வந்து வாங்கவேண்டும். எங்கள் வழக்கப்படி பெண்தான் கொண்டுவரவேண்டும் என்பதைப் பரிமாறும் இளைஞனுக்குப் பிரெஞ்சில் எப்படி விளக்குவது என்று நான் யோசித்தேன். பெண் ஒரு தட்டோடு அந்நியர் முன் நிற்பதை அந்த மொழியில் நியாயப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. அவனுடைய விதியும் மனிதாபிமானமற்றதாகவே பட்டது. நான் இப்படி இரண்டுக்கும் நடுவே நின்றபோது, நல்ல மனம்கொண்ட அவன் கோப்பிகளைத் தானே தட்டில் வைத்து, அக்காவுக்கு முன்னால் நடந்துபோய், அந்தக் குடும்பத்துக்குக் குனிந்து பரிமாறினான்.

“அப்ப, பொம்பிளை இவர்தானோ?” என்றார் அப்பா, அந்த இளைஞனைக் காட்டி.

அப்போதுதான் நான் கூடத்தின் மறுகோடியைக் கவனித்தேன். சுவரோர மேசையில் இன்னொரு தமிழ்க் குடும்பம் அசையாமல் அமர்ந்திருந்தது. தாய் குளிர்கால அங்கியைக் கழுத்துவரை பொத்தானிட்டிருந்தார். அங்கிக்குக் கீழே ஒரு சாண் காஞ்சிபுரம் தெரிந்தது. பக்கத்தில் தகப்பன்; அவருக்கு அடுத்ததாக, பெட்டியிலிருந்து எடுத்த மடிப்புக் குலையாத சட்டையோடு மகன். மூவரும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உண்மையிலேயே தற்செயலாக வந்தவர்களோடு நாங்கள் தற்செயலாகச் சந்தித்துக்கொண்டிருந்தோம்.

உடனே சொல்லியிருக்கலாம். ஆனால் அம்மாவிடம் சொன்னால் ஜேர்மனிக் குடும்பத்துக்கு எதிரிலேயே அவர் கூசிப்போவார். சொல்லாவிட்டால் சுவரோரக் குடும்பம் எழுந்து போய்விடும். அக்காவிடம் மட்டும் சொன்னால் அது அம்மாவின் அதிகாரத்தை மீறியதாகும். நான் இவற்றின் பாரங்களை ஒப்பிட்டு முடிப்பதற்குள், அக்கா ஜேர்மனிக் குடும்பத்தின் மகனைக் கண்ணாடியோரம் அழைத்துப் போய்விட்டாள். நான் ஓடினேன்.

“நேராக் கேக்கிறன்,” என்றாள் அக்கா. “கலியாணத்துக்குப் பிறகு நான் வேலையை விடமாட்டன். பாரிஸை விட்டும் வரமாட்டன். அது சரியோ?”

அவர் கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

“அது உங்கடை வாழ்க்கைதானே, அக்கா. ஆர் உங்களை மறிக்கிறது?”

“பதில் நல்லாயிருக்கு. அக்கா எண்டு மட்டும் சொல்லாதேங்கோ.”

வெளித்தளத்தின் கதவு திறந்தது. காற்றோடு ஓர் இளம்பெண் இடுப்பில் குழந்தையுடன் உள்ளே வந்தாள்.

“இஞ்சேருங்கோ, இவன் அப்பாவைக் கேட்டு அழுறான். பிடியுங்கோ.”

அவர் குழந்தையை வாங்கிக்கொண்டார். அம்மா எழுந்து நின்றார்.

“இவ ஆர்?”

“எங்கடை மருமகள்,” என்றார் ஜேர்மனிப் பெண்மணி பெருமையோடு.

அம்மா என் கையைப் பிடித்தார். “மாமி இதைச் சொல்லேல்லையே.”

“அம்மா, மாப்பிள்ளை வீடு அங்கை இருக்கு,” என்றேன்.

அம்மா மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். சுவரோரத் தாய் உடனே முகத்தை வேறு பக்கம் திருப்பினார். தம் கண்ணெதிரிலேயே நாங்கள் வேறோர் இடத்தில் சம்பந்தம் பேசிவிட்டோம் என்று அவர்கள் கோபப்பட்டிருந்தார்கள். ஆனால் தற்செயலாக வந்தவர்களுக்குக் கோபப்பட உரிமையில்லை. நாங்கள் மன்னிப்புக் கேட்கவேண்டும்; கேட்டால், திட்டமிட்டு வந்ததை ஒப்புக்கொண்டதாகும். இரண்டு குடும்பங்களும் ஒரே கூடத்தில், ஒன்றையொன்று காணாத மாதிரி, கண்ணாடிக்கு வெளியே தெரிந்த ஒரே கோபுரத்தைச் சுட்டிக்காட்டி ரசிக்கத் தொடங்கின. அப்பாவின் ஷாம்பெயின் முடிந்துவிட்டது. இப்படியே கூடத்தை மூடும் நேரம்வரை இருந்திருப்போம் என்று நினைக்கிறேன்.

அக்கா அங்கியைக் கழற்றிக் கதிரையில் போட்டாள். மாம்பழ நிறப் பட்டோடு கூடத்தின் நடுவே நடந்து அந்த மேசைக்குப் போனாள்.

“வணக்கம். நாங்கள் உங்களைப் பாக்கத்தான் வந்தனாங்கள். ஆக்கள் மாறிப்போச்சு.”

“நாங்கள் சும்மா பாரிஸ் பாக்க வந்தனாங்கள், பிள்ளை,” என்றார் அந்தத் தாய்.

“ஓம் அன்ரி. இவரோடை கொஞ்சம் கதைக்கலாமோ?”

தகப்பன் கூரையைப் பார்த்தார். மாப்பிள்ளை எழுந்து நின்றார். இருவரும் வெளித்தளத்துக்குப் போனார்கள்.

கண்ணாடிக்கு அப்பால் பேச்சுக் கேட்கவில்லை. அக்கா சுருக்கமாகக் கேட்டாள். அவர் நீளமாகப் பதில் சொன்னார். சேலைத் தலைப்பு காற்றில் பறந்து இரண்டுமுறை அவர் முகத்தை மூடியது. அதை விலக்கி விலக்கிச் சொன்னார். ஜேர்மனிப் பெண்மணிக்கு இதற்குள் எல்லாம் விளங்கிவிட்டது. தன் கோப்பியை எடுத்துக்கொண்டு வந்து எங்கள் இரு குடும்பங்களுக்கும் நடுவில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்தார்.

“எனக்கும் முடிவு தெரிய வேணும்,” என்றார். பிறகு, பொழுதுபோக்காக, சுவரோரத் தாயிடம், “நீங்கள் ஊரிலை எவடம்?” என்று விசாரித்தார்.

அக்கா திரும்பி வந்து அம்மாவின் முன் நின்றாள்.

“நல்ல மனுசன், அம்மா. பொய் சொல்லேல்லை. கலியாணம் முடிஞ்சால் இஞ்சத்தை வேலையை விட்டிட்டு, சுவிஸிலை தாய் தகப்பனோடைதான் இருக்க வேணுமாம். வேறை மாதிரிக் கேக்கத் தனக்குத் துணிவில்லையாம். நான் வேண்டாம் எண்டு சொல்லிட்டன்.”

“செவ்வாயும் கொஞ்சம்...” என்று அம்மா தொடங்கினார். அக்கா அவரையே பார்த்தாள். அம்மா வாயை மூடிக்கொண்டார்.

கீழே இறங்க ஒரே மின்தூக்கிதான் வந்தது. இரண்டு குடும்பங்களும் அதற்குள் நின்றோம். இறங்கும் வேகத்தில் எல்லோருக்கும் காது அடைத்தது. மாப்பிள்ளை விழுங்கி விழுங்கிக் காதைத் திறக்கப் பார்த்தார். அக்கா அவருக்கு ஒரு பெப்பர்மின்ட் கொடுத்தாள், நன்றி என்றார்.

வாசலில் மாமி நின்றார். இரண்டு குடும்பங்களும் ஒன்றாக வெளியே வருவதைக் கண்டு அவர் முகம் பூரித்தது. மறுகணமே யாரையும் தெரியாதவராக மெட்றோ வரைபடத்தின் பக்கம் திரும்பிவிட்டார். அம்மா நேராக அவரிடம் போனார். மாப்பிள்ளை வீட்டார் சில அடிகள் தள்ளி, கையுறைகளை மாட்டிக்கொண்டு நின்றார்கள். அம்மா என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும் என்றே நினைத்தேன். அக்கா படியில் நின்றுவிட்டாள்.

“சரிவரேல்லை,” என்றார் அம்மா.

மாமி வரைபடத்தைப் பார்த்தபடியே குரலைத் தாழ்த்தினார். “யோசியாதேங்கோ. சாதகம் பொருந்தேல்லை எண்டு நான் நாளைக்குச் சொல்லிவிடுறன்.”

“சாதகம் நல்லாப் பொருந்தினது. என்ரை மகள் வேண்டாம் எண்டு சொல்லிட்டாள். அப்பிடியே சொல்லுங்கோ.”

“மெல்லமாய். அவை உதிலை நிக்கினம்.”

“அப்ப கேட்டிருக்கும்,” என்றார் அம்மா.

கேட்டுத்தான் இருந்தது. மாப்பிள்ளையின் தாய் எங்கள் பக்கம் திரும்பி, அக்காவைப் பார்த்து, ஒருமுறை தலையை அசைத்தார்.