தும்புத்தடியில் பழகிய பனிப்பட்டம்

அலுவலகத்தில் மலைப்பயணத்துக்குப் பெயர் கொடுத்தபோது, சும்மா பனியில் சறுக்குவதுதான் என்று நினைத்தேன். காற்றில் ஏறிய பெரிய பட்டம் நம்மை இழுக்கும், காலில் பலகையை மாட்டிக்கொண்டு அதன் பின்னால் வழுக்கிப் போகவேண்டும் என்பது கையெழுத்துப் போட்ட பிறகுதான் தெரிந்தது. அது 2013 குளிர்காலம், எனக்கு முப்பத்தெட்டு வயது. பின்வாங்கியிருக்கலாம். ஆனால் கூட வேலை செய்கிறவள், "பயமென்றால் நீ கீழே நின்று எங்களைப் படம் எடு" என்று சொல்லிவிட்டாள். எனக்குச் சுருக்கென்றது. ஒரு தடவையாவது அந்தப் பனிவெளியைக் கடந்தே தீருவேன் என்று வீம்பு பிடித்தேன்.

வேலை முடிந்து செவ்ரானில் இருக்கிற வீட்டுக்கு ரயில் ஏறுமுன், பாரிசின் லா சப்பலில் அண்ணனின் மரக்கறிக் கடைக்குப் போவது என் வழக்கம். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் பட்டம் ஏற்றுவதில் அவர் பெரிய புள்ளி. பட்டத்தைத் தூக்கிப் பிடிப்பது மட்டும்தான் என் வேலை. நூலை என் கையில் தந்ததே கிடையாது.

"இஞ்சை வா பிள்ளை" என்று கடை கூட்டும் தும்புத்தடியின் இரண்டு முனையிலும் கயிற்றைக் கட்டி என்னிடம் தந்தார். கத்தரிக்காய்ப் பெட்டிகளுக்கு அந்தப் பக்கம் நின்று இழுத்தார். "இறுக்கிப் பிடி. என்ன நடந்தாலும் கையை எடுக்கப்படாது. விளங்குதோ?"

"ஓம் அண்ணை."

"அவவின்ரை கை கழண்டிடப் போகுது" என்றார் கறிவேப்பிலை வாங்க வந்த ஒரு அம்மா. ஒரு கிழமை முழுக்க இந்தக் கூத்து நடந்தது.

மலையில் பயிற்சி தந்த பெண் சொன்னது நேர் எதிராக இருந்தது. பட்டத்தின் கயிறுகளைக் கட்டிய தடியைக் கிட்ட இழுத்தால் பட்டம் இன்னும் பலமாக இழுக்குமாம். கையை எடுத்தால் தளர்ந்து கீழே வந்துவிடுமாம். இடுப்புப் பட்டியோடு கட்டியிருப்பதால் எங்கும் பறந்து போகாதாம். தலையை ஆட்டினேன். ஒன்றும் விளங்கவில்லை. கையை எடுத்த பிறகும் போகாத பட்டம் எப்படிப் பட்டமாகும்?

காற்று ஓங்கியது. "லாஷ்! கையை எடு!" என்று அவள் பிரெஞ்சில் கத்தினாள். நான் இன்னும் இறுக்கிப் பிடித்தேன். பட்டம் என்னைக் குப்புறத் தள்ளி இழுத்துக்கொண்டு போனது. மூன்று தடவையும் அதே கதை. முகம் பனியில் உரசி நாடியில் தோல் உரிந்துவிட்டது.

"உனக்கு யார் இப்படிச் சொல்லித் தந்தது?"

"என் அண்ணன்."

"எந்த மலையில்?"

நாடியில் ஒட்டிய பனியைத் துடைத்துக்கொண்டேன். இன்னொரு தடவை கையை எடுக்காவிட்டால் பட்டத்தைக் கழற்றிவிடுவேன் என்றாள்.

நாலாவது தடவை, எதிரே வேலிக் கம்பங்கள் தெரிந்தன. ஒரு காதில் அவள், மறு காதில் அண்ணன். யார் சொல்வது சரி என்று யோசிக்க நேரமில்லை. விரல்களைத் திறந்தேன். பட்டம் கொடியிலிருந்து நழுவிய சேலை மாதிரிப் பனியில் விழுந்தது. நான் நின்றுகொண்டிருந்தேன். அழுகை வந்தது. வென்றேனா தோற்றேனா என்று எனக்கே குழப்பமாக இருந்தது.

பின்னேரம், நாலு இடத்தில் கையை எடுத்து எடுத்து, நின்று நின்று, அந்த வெளியைக் கடந்தேன்.

பாரிசுக்குத் திரும்பியதும் நேரே கடைக்குப் போனேன். அண்ணன் என் நாடியைப் பார்த்தார்.

"கையை எடுத்திட்டியோ?"

"ஓம் அண்ணை. எடுத்தபடியால்தான் முழுசா வந்து நிக்கிறன்."

அவருக்கு அது பிடிபடவில்லை. எனக்கும் சொல்லி விளக்கத் தெரியவில்லை. தும்புத்தடியை அவர் கையில் கொடுத்துவிட்டு, பெட்டிகளுக்கு அந்தப் பக்கம் போய்க் கயிற்றைப் பிடித்து இழுத்தேன்.

"இப்ப கையை எடுங்கோ அண்ணை."

கத்தரிக்காய்ப் பெட்டிகள் சரிந்தன. அவர் கையை எடுக்கவேயில்லை.