அடுப்படியில் நஞ்சு நூல்

அருணாதேவி துப்பறியும் கதை எழுதுகிறவள். திருவண்ணாமலையில் அவள் எழுதிய இடம் அடுப்படிதான். மேசை வாங்கித் தர யாருக்குத் தோன்றியது? சோறு வேகிற நேரத்தில் கொலை நடந்து போலீஸும் வந்துவிடும். அவள் எதையோ கிறுக்குகிறாள் என்பதோடு புருஷன் குமரேசன் சரி.

தொண்ணூற்று மூன்றில் ஒரு கதையில், அரளி விதை தின்றவன் கண் மூடித் திறப்பதற்குள் செத்துப்போனான். "அரளி அப்படிக் கொல்லாது அம்மணி" என்று ஒரு வாசகர் பத்திரிகையிலேயே மானத்தை வாங்கிவிட்டார். அன்று பிடித்தது வைராக்கியம். பழைய புத்தகக் கடை வேணுவிடம் அகராதி, ரயில் அட்டவணை, நஞ்சுகளைப் பற்றிய தடித்த மருத்துவ நூல் எல்லாம் வாங்கி வந்து மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் அடுக்கினாள். அச்சில் பார்த்தால்தான் அப்புறம் பேனா நகரும். வேண்டிய பக்கங்களில் துடைப்பக் குச்சியைச் செருகி வைப்பாள்.

குமரேசனுக்குக் கீழ்பென்னாத்தூர் மணிலாக்கொட்டை மண்டியில் வேலை. கொஞ்ச நாளாக அவன் வீட்டுச் சோற்றில் வாய் வைப்பதில்லை. கேட்டால், "மண்டியிலயே சாப்ட்டுட்டேன்" என்பான். வேறு எவளோ ஆக்கிப் போடுகிறாள் என்று அருணாதேவிக்குப் பட்டது. சட்டையை மோந்து பார்த்தாள், பையைத் துழாவினாள். கதையில் அத்தனை கள்ளனைப் பிடித்தவளுக்குச் சொந்தக் கள்ளன் மட்டும் அகப்படவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோற்றைப் போட்டுவிட்டுக் கேட்டே விட்டாள்.

"யாருங்க அவ?"

"எவ?"

"ஊட்டு சோறு கசக்குற அளவுக்கு ஆக்கிப் போடறவ."

அவன் தட்டை அவள் பக்கம் தள்ளினான். "நீ மொதல்ல சாப்டு."

அந்த வீட்டில் ஆம்பிளை கை கழுவின பிறகுதான் பெண்பிள்ளை தட்டெடுப்பாள். கல்யாணமான நாளாக அவள் கேட்டறியாத வார்த்தை அது. கண் கலங்கிவிட்டது. இந்த மனுஷனைப் போய்ச் சந்தேகப்பட்டேனே, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டு ஒரு வாய் வைத்தாள். நிமிர்ந்தால், அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் அந்த நஞ்சு நூலை ஒரு பார்வை பார்த்தான்.

அவன் பார்க்கும்படி அந்த வாயை விழுங்கிக் காட்டினாள்.

"வெஷம் வெச்சிருப்பேன்னு நெனச்சீங்களா?"

"அந்த பொஸ்தகத்துல குச்சி வெச்சி வெச்சி படிக்கிற. பம்பாய் ரயிலுக்கு வேற கோடு போட்டு வெச்சிருக்க. நான் இன்னான்னு நெனைக்கிறது?"

"அதெல்லாம் கதைக்குங்க!" என்று கத்தினாள். "மாசாமாசம் என் பேரு போட்டு வருதே. ஒரு கதையாச்சும் படிச்சீங்களா?"

குமரேசன் நிம்மதியாக வேறொரு தட்டை எடுத்து, சோறு போடச் சொல்லி அவள் முன் நீட்டினான்.

"இன்னா கதை?" என்றான்.