லினன் ரூம் கதவு

பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தால் எங்கள் வார்டில் ஒரு வழக்கம். டிரெஸ்ஸிங் டிராலி தள்ள ஒருத்தி மாட்டிக்கொள்வாள். மற்ற நர்ஸ்கள் எல்லாம் போர்வை எடுக்கிற சாக்கில் லினன் ரூமுக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொள்வோம். அவர் வாய் அப்படி.

அன்று மாட்டியது நான். கத்தரிக்கோல் எடுத்துக் கொடுக்கத் தாமதமாகிவிட்டது. "புத்தி இல்வா நினகே?" என்று கன்னடத்தில் ஆரம்பித்தவர், என்னைப் பெற்றவளையும் இழுத்தார். எங்கள் பேட்டை நீலசந்திராவிலிருந்து வீட்டு வேலைக்குப் போய் என்னைப் படிக்க வைத்தவள் அவள்.

"சார், எங்கம்மாவப் பத்திப் பேசாதீங்க. பேஷண்ட் முன்னாடி என்னையும் திட்டாதீங்க."

சொன்ன பிறகுதான் உறைத்தது. வேலை போச்சு என்றே நினைத்தேன். நான் பிடித்திருந்த டிராலியில், டிரேயில் இருந்த சாமான்கள் கிணுகிணுத்தன. அவர் முறைத்தபடி நின்றார்.

பின்னால் லினன் ரூம் கதவு திறந்தது. கையில் போர்வையோடு எல்லோரும் வந்து என்னை ஒட்டி நின்றார்கள். என் தோளில் பட்ட தோள்களும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தன.

அவர் கத்தரிக்கோலைத் தானே எடுத்து, மேற்கொண்டு திட்டாமல் கட்டுப் போட்டுவிட்டுப் போனார்.

மறுநாளும் ரவுண்ட்ஸ் வந்தது. பயம் அப்படியேதான் இருந்தது. லினன் ரூமில் மட்டும் ஆளில்லை.