பாஞ்சோ காட்டிக்கொடுத்த எஃப்

இன்று காலை கொண்டல் அடித்தது. கடல் ஈரத்தை அள்ளிக்கொண்டு வருகிற கீழ்க்காற்று. அடுக்களையில் உப்பு கட்டியானது, அப்பளம் நமத்தது, சுவரில் மாட்டியிருந்த என் பாஞ்சோவின் தோல் தொய்ந்தது. உப்புக்கும் அப்பளத்துக்கும் கவலைப்பட வீட்டில் ஆள் இருக்கிறது. பாஞ்சோவுக்கு நான் மட்டும்தான்.

பாஞ்சோ என்றதும் டைப்ரைட்டர் மாதிரிப் பொத்தான் வைத்ததை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது வட்ட உடம்பு, மேலே தோல், நீளக் கழுத்து. தூரத்தில் பார்த்தால் பிடி வைத்த தோசைக்கல். கப்பலில் வேலை பார்த்த அத்தான் கொண்டு வந்தது. "ஆறு தந்தி மாப்ள, கிட்டார் பிடிதான். புதுசா ஒண்ணும் படிக்கவேண்டாம்" என்று கையில் கொடுத்துவிட்டுப் போனார். படிக்கவேண்டாம் என்று யார் சொன்னாலும் நான் மயங்கிவிடுவேன்.

அதற்கு முன் ஒன்பது வருடம் மாதா கோயில் பாடல்குழுவில் கிட்டார் வாசித்தேன். ஒருவர் காதிலும் விழுந்ததில்லை. ஒரு பக்கம் கீபோர்டு, ஒரு பக்கம் மின்விசிறிகள். இருந்த ஒரே மைக் மிக்கேலுக்கு. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன், என்னோடு பள்ளியில் படித்தவன், நல்ல குரல். பூசை முடிந்ததும், கிட்டார் நன்றாயிருந்தது என்று யாராவது சொல்வார்களா என்று வாசலில் சும்மா நிற்பேன். செருப்பைத் தேடுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நாலு பேர் காதில் விழத்தான் பாஞ்சோவைத் தூக்கினேன்.

விழுந்தது. முதல் ஒத்திகையிலேயே, காணிக்கைப் பாட்டின் மூன்றாவது வரியில், குழுவை நடத்துகிற அண்ணாச்சி கையைத் தூக்கிப் பாட்டை நிறுத்தினார்.

"ஏலே, அங்கன என்ன புடிக்க?"

"டி மைனர் அண்ணாச்சி."

"எஃப்லா வரணும்?"

இரண்டும் கிட்டார் பிடிகள். எஃப் பிடிக்க ஆள்காட்டி விரலைப் படுக்கவைத்து ஆறு தந்தியையும் அழுத்தவேண்டும். எனக்கு அது வராது. கிட்டத்தட்ட அதே மாதிரி ஒலிக்கிற, சுலபமான டி மைனரை வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். கிட்டார் மறைத்ததைப் பாஞ்சோ போட்டு உடைத்துவிட்டது.

"எத்தன வருசமாலே?"

"ஒம்பது."

மிக்கேல் சிரித்தான். "எனக்குத் தெரியும் அண்ணாச்சி. இவன் அந்த எடத்துக்கு வாரான்னாலே நான் ஒரு சுரம் ஏத்திப் பாடிருவேன். ஒட்டிக்கிடும்லா."

ஆக, ஒன்பது வருடமும் ஒருவன் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான். ஏற்கெனவே சரியாக இருந்த தந்தியைக் கொஞ்ச நேரம் முறுக்கிக்கொண்டிருந்தேன்.

ஒரு மாதத்தில் விரல் காய்த்து எஃப் வந்தது. மிக்கேலும் பழைய சுரத்துக்கு இறங்கினான். "நேரா பாடுனா சப்புன்னு இருக்குலே" என்று குறைபட்டுக்கொண்டான்.

போன வருடம் நெஞ்சுவலியில் போய்விட்டான். அவன் அடக்கப் பூசையில் அதே காணிக்கைப் பாட்டு. அவன் மைக்கில் கீபோர்டுக்காரப் பையனின் அக்கா பாடினாள், சுத்தமாக. மூன்றாவது வரி வந்தது. விரல் தானாகப் போனதா, நானே அனுப்பினேனா, தெரியாது. டி மைனர் பிடித்தேன்.

அண்ணாச்சி திரும்பிப் பார்க்கவில்லை. ஏற்றிப் பாட ஆளில்லாமல் அந்தத் தப்பு கோயில் முழுக்கக் கேட்டது.